நார் உரிக்காத கொட்டாங்குச்சி

நம் பிள்ளைகளின் வகுப்புக் குழுவில் பெற்றோர் கூட்டம் முடிந்ததிலிருந்து வந்துகொண்டிருக்கும் செய்திகள் எல்லாவற்றையும் நானும் படித்தேன். பதில் போடாதது ஒதுங்கி நிற்பதற்காக இல்லை. எழுதுவதும் அழிப்பதுமாகவே இருந்தேன். இவ்வளவு நீளமாக எழுதினால் யாராவது படிப்பார்களா என்றும் தெரியவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

கூட்டத்தில் நம் பிள்ளைகளின் டீச்சர் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். "இந்தப் பருவத்துல நான் நடத்தின கணக்கு நிறையப் பிள்ளைங்களுக்குப் போய்ச் சேரலைங்க. என் பக்கம்தான் எங்கேயோ தப்பு இருக்கு. அது எங்கன்னு கண்டுபிடிக்க நீங்களும் கொஞ்சம் உதவி பண்ணணும்." அவ்வளவுதான் சொன்னார். நாம் வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் அது வேறு ஒன்றாகிவிட்டது. "அவங்களே ஒத்துக்கிட்டாங்க பாத்தீங்களா?" என்று ஒருவர் சொன்னார். "தெரியாதவங்கள எதுக்குப் போடுறாங்க?" என்று இன்னொருவர் கேட்டார். திங்கட்கிழமை சேர்ந்து போய் வேறு டீச்சரைப் போடச் சொல்வது, மறுத்தால் டி.சி. வாங்கிவிடுவது என்று குழுவில் முடிவாகியிருக்கிறது. சம்மதம் என்றால் கட்டைவிரல் படம் போட வேண்டும். என் விரல் அதுவரை போய்த் திரும்பி வந்தது.

உங்கள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. உங்களுக்கு இருக்கும் பயம்தான் எனக்கும். மகள் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பென்சிலைக் கடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். ஆனால் டி.சி. என்ற அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்கு ஒரு கொட்டாங்குச்சி ஞாபகம் வந்தது. அதைச் சொல்லாமல் திங்கட்கிழமை உங்களோடு வந்து நிற்க என்னால் முடியாது.

எனக்கு அப்போது மூன்றாம் வகுப்பு. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கடைத்தெருவுக்குப் பின்னால் வீடு. தெரு முடியும் இடத்தில் ஒரு வாய்க்கால், அதன் மதகைத் தாண்டினால் பள்ளிக்கூடம், அதற்கப்புறம் ரயில் தண்டவாளம்வரை வயல். அத்தா, அதாவது என் அப்பா, சவுதியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமைகளில் எதிர்வீட்டு மாமியின் வீட்டுக்குப் போன் செய்வார். மாமி வாசலில் நின்று கூப்பிட்டதும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவாள். எனக்கு வந்த காய்ச்சல், நான் வாங்கிய மார்க், என் முடியில் பேன் என எல்லாவற்றுக்கும் அந்தப் போனில் அம்மாதான் பதில் சொல்லியாக வேண்டும். பேசி முடித்து வரும்போது அவள் முகம் பரீட்சை எழுதிவிட்டு வருகிற பிள்ளையின் முகம் மாதிரி இருக்கும். அன்றைக்கு அது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூடம் ஓட்டுக் கட்டடம். ஐந்து வகுப்புகளுக்கு மூன்று ஆசிரியர்கள். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் சின்ன டீச்சர். கணக்கு முழுவதும் சார். எங்கள் அத்தாவுக்கே கணக்கு நடத்தியவர் அவர். ஊரில் அவர் பிரம்பைத் தெரியாத உள்ளங்கை கிடையாது என்பார்கள். அந்த ஜூனில் தலைமையாசிரியையாக மாற்றலாகி வந்தவரை நாங்கள் பெரிய டீச்சர் என்று கூப்பிட்டோம்.

வந்த புதிதில் பெரிய டீச்சர் பாடமே நடத்தவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் கடைசி வரிசையில், எங்களோடு தரையில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எங்கள் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னார். சேற்றில் நடக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகக் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்தார்கள். சிலர் நின்றே போனார்கள். நாங்கள் சிரித்தோம். பெரிய டீச்சர் யாரையும் திட்டவில்லை. புத்தகத்தை மூடிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று சாயங்காலம் மணி அடித்த பிறகும் மூன்று ஆசிரியர்களும் வீட்டுக்குப் போகாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்கு அடுத்த வாரம் கொட்டாங்குச்சிகள் வந்தன.

ஒவ்வொரு வகுப்பிலும் கதவுக்குப் பின்னால் இரண்டு. ஒன்று நாரையெல்லாம் உரித்து, கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்கியது. இன்னொன்று நார் உரிக்காதது. தொட்டால் கிழவரின் தாடி போலக் குத்தும். கடைசி மணிக்கு முன்னால் ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை தருவார்கள். ஒவ்வொருவராகக் கதவுக்குப் பின்னால் போக வேண்டும். அன்றைக்கு நடத்திய பாடம் புரிந்திருந்தால் வழவழப்பில், புரியாவிட்டால் நாரில் போட வேண்டும். யார் எதில் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. இருட்டு மூலையில் கைதான் பார்க்கும்.

அந்தக் கொட்டையின் வழவழப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது. வெயிலில் காய்ந்த கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு வரிசையில் நிற்கும்போது அது வேர்வையில் நழுவும். சத்துணவு ஆயாதான் குழம்புப் புளியிலிருந்து எடுத்துக் கழுவிக் காயவைத்துத் தருவார். "எல்லாக் கொட்டையும் நீங்களே வாங்கிக்கிட்டா நான் எதை வறுத்துத் திங்கறது டீச்சர்?" என்று கேட்பார். "பல்லு இருக்கா ஆயா உங்களுக்கு?" என்று சின்ன டீச்சர் கேட்டால், "உங்க பாடத்துக்கு இருக்குற அளவு இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குப் போய்விடுவார். மூன்று ஆசிரியர்களும் சேர்ந்து சிரிப்பதை அந்த ஆண்டில்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

எல்லாம் உடனே சரியாக நடந்துவிடவில்லை. காலி கொட்டாங்குச்சியில் கொட்டை விழுந்தால் டொக் என்று கேட்கும். வழவழப்பானதில் ஒரு சத்தம், நாரில் வேறு சத்தம். வரிசையில் நிற்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, "நீ நாருதானே போட்ட?" என்று கேலி செய்தோம். அதைப் பார்த்த சின்ன டீச்சர் மறுநாள் இரண்டிலும் ஒவ்வொரு கை உமி போட்டு வைத்தார். சத்தம் போய்விட்டது.

பிறகு ஒருநாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. நார்க் கொட்டாங்குச்சி நிறைந்தால் அந்தப் பாடத்தை இன்னொரு தடவை பேசுவார்கள், வீட்டுக்குப் போக நேரமாகும் என்று எங்களுக்குத் தெரியும். எல்லோரும் வழவழப்பிலேயே போட்டுவிட்டு ஓடினோம். மறுநாள் பெரிய டீச்சர் எங்களைப் பார்த்து, "நேத்து ஒருத்தர்கூட நாருல போடல. அவ்வளவு நல்லா நடத்திட்டோமா, இல்ல மழைக்குப் பயந்தீங்களா?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் சிரித்துவிட்டு, "தப்பு எங்களுதுதான். வீட்டுக்குப் போற நேரத்துல கேட்டா யாரு நாருல போடுவா?" என்றார். அன்று முதல் கொட்டை போடுவது மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய வேளைக்கு மாறியது. இதையெல்லாம் இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பெரியவர்கள் ஒன்றைச் செய்து பார்த்து, அது சரிவராமல், எங்கள் முன்னாலேயே அதை மாற்றினார்கள். அப்படி ஒரு காட்சியை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, அதற்கப்புறமும் வெகுகாலம் பார்க்கவில்லை.

சாருக்கு மட்டும் இந்த ஏற்பாடு கொஞ்சமும் பிடிக்கவில்லை. கடன் வாங்கிக் கழித்தலை அவர் நடத்தி முடித்த அன்று எங்கள் நார்க் கொட்டாங்குச்சி வழிந்து கொட்டைகள் தரையில் உருண்டன. சார் அதையே பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு வெளியே போய் அப்படியே முற்றத்தில் வீசிக் கொட்டினார். "இதுங்க கணக்குப் படிக்க வந்துச்சுங்களா, எனக்கு மார்க் போட வந்துச்சுங்களா?" என்று சத்தம் போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெரிய டீச்சர் அவரைத் தடுக்கவும் இல்லை, எங்களைக் கண்டிக்கவும் இல்லை. காலிக் கொட்டாங்குச்சியை எடுத்து வந்து கதவுக்குப் பின்னால் பழைய இடத்திலேயே வைத்தார்.

அடுத்த நாள் நாங்கள் உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டு காத்திருந்தோம். சார் வந்தார். கையில் பிரம்பு இல்லை. நாற்காலியில் உட்காராமல் எங்கள் வரிசைக்கு நடுவில் தரையில் உட்கார முயன்று, முழங்கால் மடங்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாக உட்கார்ந்தார்.

"நேத்து நான் நடத்துனதுல எந்த இடத்துல விட்டுட்டீங்க? சொல்லுங்க. அடிக்க மாட்டேன். பிரம்பு வீட்டுல இருக்கு."

என் பக்கத்தில் உட்காரும் தோழி, குத்தகைக்கு வயல் வைத்திருந்த வீட்டுப் பெண், மெதுவாகக் கேட்டாள்: "சார், முந்நூறுல நூத்தி நாப்பத்தேழு போகணும்னா, பக்கத்து எண்ணுகிட்ட வாங்கணும்னு சொன்னீங்க. அதுவும் சைபர்தானே சார்? ஒண்ணும் இல்லாததுகிட்ட எப்படி வாங்கறது?"

சார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைகளைத் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டேன்.

"வாஸ்தவம்தானே?" என்றார் கடைசியில். "இத்தனை வருஷமா இதை யாரும் என்னைக் கேட்டதில்ல. எப்படிச் சொல்லணும்னு எனக்கும் தெரியல. நாளைக்கு யோசிச்சுட்டு வந்து சொல்றேன்."

எழுந்திருக்க அவருக்குக் கை கொடுத்தோம். சாரின் கை அவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் சைக்கிள் கேரியரில் தண்ணீர் சொட்டச் சொட்ட நாற்று வந்து இறங்கியது. வழியில் நாற்றங்காலில் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். பத்து நாற்றை ஒரு முடியாகவும் பத்து முடியை ஒரு கட்டாகவும் கட்டி, மூன்று கட்டுகளை எங்கள் நடுவில் வைத்தார். சிமெண்டுத் தரையில் சேற்றுத் தண்ணீர் ஓடியது. வகுப்பு முழுவதும் பச்சை வாசனை. கடைத்தெருப் பிள்ளையான நான் வயலை மதகின் மேலிருந்து பார்த்திருக்கிறேனே தவிர நாற்றைத் தொட்டதில்லை. அதன் வேர் அத்தனை வெள்ளையாக, அத்தனை குளிர்ச்சியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"இந்தா இருக்கு முந்நூறு. இதுல எனக்கு ஏழு நாத்து எடுத்துக் குடு பாப்பம்" என்றார் தோழியிடம்.

"உதிரி இல்லையே சார். கட்டுல்ல இருக்கு."

"என்ன செய்வ?"

"அவுக்கணும்." அவள் ஒரு கட்டை அவிழ்த்தாள். பத்து முடி விழுந்தது. அதில் ஒரு முடியை அவிழ்த்தாள். பத்து நாற்று விழுந்தது. ஏழை எண்ணி எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். "சார்! யாருகிட்டயும் கடன் வாங்கல சார். நம்மளுதுதான். அவுக்கத்தான் செஞ்சோம்."

"அப்ப நடுவுல இருந்த சைபர்ல இப்ப என்ன மிச்சம்?"

"ஒம்பது முடி!" என்று வகுப்பே கத்தியது.

அன்றைக்கு நார்க் கொட்டாங்குச்சியில் உமி மட்டும்தான் இருந்தது. சார் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சில நாள் கழித்து முற்றத்தில், அவர் வீசிய இடத்தில், மழை ஈரத்தில் புளியங்கன்றுகள் கும்பலாக முளைத்திருந்தன. "எனக்குத் தெரியாததெல்லாம் முளைச்சு நிக்குது பாருங்க டீச்சர்" என்று பெரிய டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினார். அதற்கப்புறம் சாயங்காலங்களில் கொட்டாங்குச்சிகளை வராந்தாவில் முதலில் கவிழ்ப்பவர் அவர்தான். "இன்னிக்கு யாரு பாடம் கவுந்துச்சு?" என்பார். மூன்று பேரும் கொட்டைகளைத் தரையில் பிரித்து வைத்துக்கொண்டு, எந்தப் பாடம், எந்த இடம், நாளைக்கு எப்படி மாற்றுவது என்று பேசுவார்கள். அவருடைய பாடம் கவிழ்ந்தால் சின்ன டீச்சரும், சின்ன டீச்சருடையது கவிழ்ந்தால் அவரும் மறுநாள் பின்வரிசையில் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள்.

இதைத்தான் எதிர்வீட்டு மாமி மதகின் மேலிருந்து பார்த்தார்.

மாமியின் மகள் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறந்திருந்த ஆங்கிலப் பள்ளிக்கு மஞ்சள் வேனில் போய்க்கொண்டிருந்தாள். மாமி எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"கேட்டியா புள்ள, அநியாயத்தை! பள்ளிக்கூடத்து வராந்தாவுல டீச்சருங்க எல்லாம் உக்காந்து பல்லாங்குழி ஆடுறாங்க. நான் என் கண்ணால பாத்தேன். கொட்டாங்குச்சியில கொட்டையை அள்ளி அள்ளிக் கொட்டுறாங்க. அந்தக் கணக்கு சாரு தொடையைத் தட்டிச் சிரிக்கிறாரு, செயிச்சுட்டாரு போல."

"அந்த சாரா?" அம்மாவால் நம்ப முடியவில்லை.

"அந்தச் சாரேதான். இந்த வயசுல!"

அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள். நான் பெருமையாகச் சொன்னேன்: "அது வெளையாட்டு இல்லம்மா. பாடம் புரியலைன்னா நாங்க நாருல கொட்டை போடுவோம். அதைப் பாத்து சார் வேற மாதிரி நடத்துவாரு."

"அப்ப முதல்ல ஒழுங்கா நடத்தத் தெரியலையா அவருக்கு?"

"தெரியலையாம். அவரே சொன்னாரும்மா!"

எனக்கு அது ஒரு பெரிய வெற்றிச் செய்தி. அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். பல்லாங்குழி என்றுகூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. விளையாடுகிற வாத்தியாரை ஊர் பார்த்திருக்கிறது. தெரியலை என்று சொல்கிற வாத்தியாரை யார் பார்த்திருக்கிறார்கள்?

பேச்சு தெருத்தெருவாகப் போய், பெரிய டீச்சர் அம்மாக்களை எல்லாம் கூப்பிட்டுப் பேசினார். நானும் அம்மாவின் பின்னால் நின்றேன். கொட்டாங்குச்சிகளை மேஜைமேல் வைத்து, எதற்கு என்று விளக்கினார். "எங்க பாடம் நிறையப் பிள்ளைங்களுக்குப் புரியாமலே போய்க்கிட்டிருந்துச்சும்மா. அது எங்களுக்கே தெரியாம இருந்துச்சு. இப்பதான் தெரியுது. தெரிஞ்சதைச் சரி பண்ணிக்கிட்டிருக்கோம்."

அம்மா எழுந்து நின்றாள். கூட்டத்தில் அவள் பேசி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "அப்ப இவ்வளவு நாளா எங்க புள்ளைங்க படிச்சதெல்லாம் வீணா டீச்சர்?"

பெரிய டீச்சர் கொஞ்சம் யோசித்தார். இல்லை என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

"வீண்னு சொல்ல மாட்டேன்மா. போதலைன்னு சொல்லுவேன்."

அந்த வெள்ளிக்கிழமை போனில் அம்மா நெடுநேரம் பேசினாள். அத்தா என்ன சொல்லியிருப்பார் என்று அவள் திரும்பச் சொன்னதிலிருந்து தெரிந்தது: "நான் இங்க உக்காந்துக்கிட்டு என்ன சொல்றது? நீதான் பாத்துச் செய்யணும்." அம்மா பார்த்துச் செய்தாள். அரைப் பரீட்சை லீவுக்கு முன்னாலேயே எனக்கு டி.சி. வாங்குவது என்று முடிவானது. நான் அழுதேன், சாப்பிடாமல் இருந்தேன், தோழி வீட்டில் போய் ஒளிந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மாமி என் தலையைத் தடவி, "வேன்ல ஜன்னல் சீட்டு தரச் சொல்றேன்டீ" என்றார்.

அம்மா பள்ளிக்கு வந்த அன்று சார் வகுத்தலை ஆரம்பித்திருந்தார். கொட்டைகளைக் குவித்து வைத்துப் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். பங்கு போட்டு மிஞ்சியதை என்ன செய்வது என்ற இடத்தில் அம்மா வாசலில் வந்து நின்றாள். அன்றைய கொட்டை என் கையில் இருந்தது.

"பாடம் முடிஞ்சிடட்டுமேம்மா. புள்ள கொட்டையைப் போட்டுட்டு வரட்டும்" என்றார் சார்.

"இல்லைங்க சார். அங்க இன்னிக்கே வரச் சொல்லிட்டாங்க."

சார் தலையாட்டினார். என் பையை அவரே எடுத்துக்கொண்டு வந்து வாசலில் கொடுத்தார். பிறகு, கோபமில்லாமல், எங்களிடம் கேட்ட அதே குரலில் அம்மாவிடம் கேட்டார்: "நாங்க எந்த இடத்துல விட்டோம்னு மட்டும் சொல்லிட்டுப் போங்கம்மா. அடுத்த புள்ள போகாம பாத்துக்கறோம்."

அம்மா துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மதகைத் தாண்டினாள்.

புதுப் பள்ளிக்கூடத்தைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஷூ கொடுத்தார்கள், டை கட்டிவிட்டார்கள். அங்கே டீச்சர் நடத்தி முடித்ததும் "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்பார், நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் "எஸ் மிஸ்" என்போம். முதல் நாள் மட்டும் நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் துடைப்பம்தான் இருந்தது. தலையாட்டக் கற்றுக்கொள்ள எனக்கு அதிக நாள் ஆகவில்லை. அந்தத் தலையாட்டலை இன்னும் விடவில்லை என்று நினைக்கிறேன். டாக்டர் சொல்லும்போது ஆட்டுகிறேன், பேங்கில் ஆட்டுகிறேன், புகுந்த வீட்டிலும் ஆட்டியிருக்கிறேன். புரியவில்லை என்று சொல்ல வாய் வருவதே இல்லை.

சாயங்காலம் வேன் திரும்பும்போது பெரும்பாலும் ரயில்வே கேட் மூடியிருக்கும். எஞ்சினை மாற்றிக் கட்டுகிறார்களோ என்னவோ, வண்டிகள் நிற்கும், கடலை விற்பவர்கள் வருவார்கள், கேட் திறக்காது. என் ஜன்னலிலிருந்து நேராகப் பார்த்தால் வயலுக்கு அப்பால் எங்கள் பழைய பள்ளியின் வராந்தா தெரியும். மூன்று உருவங்கள் குனிந்து உட்கார்ந்திருக்கும். சத்தம் கேட்காது. சில நாள் நடுவில் இருப்பவர் தொடையைத் தட்டுவார். இன்று யார் பாடம் கவிழ்ந்தது, தோழி என்ன கேட்டாள், மிஞ்சியதை என்ன செய்வது என்று சார் எப்படிச் சொல்லிக் கொடுத்தார், எதுவும் எனக்குத் தெரியாது. பயிர் மஞ்சளாகி, அறுப்பு முடிந்து, உளுந்து முளைக்கும்வரை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைய கொட்டையை ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தேன். வீடு மாறியதிலோ பாக்ஸ் மாறியதிலோ அது போய்விட்டது.

தோழியைப் பல ஆண்டுகள் கழித்துத் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பேச நேரமில்லை, அவள் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. படியில் நின்றுகொண்டு அவள் கத்திச் சொன்னது இதுதான்: "நீ போனப்புறம் மூணாவது கொட்டாங்குச்சி வச்சாங்கடீ! பாதி உரிச்சது! கொஞ்சம் புரிஞ்சா அதுல!" அவ்வளவு நாள் கழித்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

நேற்று அம்மாவுக்குப் போன் செய்தேன். நம் குழுவில் நடப்பதைச் சொன்னேன். சண்டை போடும் எண்ணத்தில் இல்லை. என்ன செய்வது என்று கேட்கத்தான். அம்மா திருப்பி என்னைக் கேட்டாள்.

"அந்த சாரு அன்னைக்கு வாசல்ல கேட்டாரே, எந்த இடத்துல விட்டோம்னு. உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்பவே சொல்லியிருக்கலாம். அவங்க ஒரு இடத்துலயும் விடல. எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் பயம். நாளைக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா உங்க அத்தாவுக்கு நான்ல்ல பதில் சொல்லணும்?"

அவளை எப்படிக் கோபித்துக்கொள்வது? அப்போது அவளுக்கு இன்று எனக்கு இருக்கும் வயதுகூட இல்லை.

திங்கட்கிழமை நானும் வருகிறேன். நீங்கள் கேட்பதை நீங்கள் கேளுங்கள். நான் அந்த டீச்சரிடம், என் மகள் எந்த இடத்தில் விட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்லப் போகிறேன். நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். உங்களில் யாராவது மனம் மாற வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் கட்டைவிரல் போட என்னால் முடியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மகள் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "டீச்சர் உங்ககிட்டயும் கேட்டாங்களா, புரியலையான்னு?" என்று கேட்டேன்.

"ம். எங்களை எல்லாம் கேட்டாங்க. நான்தான் முதல்ல கை தூக்கினேன். எனக்கு ஒண்ணுமே புரியலைன்னு சொன்னேன்."

"எல்லார் முன்னாடியுமா? பயமா இல்லையாடா?"

அவள் நகத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"எதுக்கு?" என்றாள்.